‘என் சொந்தப் பொறுப்பில் ஏறுகிறேன்’: அந்தக் கையெழுத்து எதுவரை காக்கும்?

கேள்வி: கட்டடத்துக்குள் அமைத்த ஏறுசுவர் ஒன்றை நடத்துகிறேன். 9 மீட்டர் உயரக் கயிற்றுச் சுவரும், கயிறில்லாமல் ஏறும் தாழ்சுவரும் உண்டு. வருகிற எல்லோரிடமும், ‘என் சொந்தப் பொறுப்பில் ஏறுகிறேன்; காயமோ மரணமோ எது நேர்ந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல; வழக்குத் தொடர மாட்டேன்’ என்ற படிவத்தில் கையெழுத்து வாங்குகிறோம். சென்ற மாதம் இரண்டு விபத்துகள். தாழ்சுவரிலிருந்து குதித்த 27 வயதுப் பெண்ணுக்குக் கணுக்கால் முறிந்தது. அடுத்த வாரம், 15 வயது மாணவனைக் கயிற்றில் இறக்கும்போது, கீழே கயிறு பிடித்திருந்த எங்கள் பயிற்சியாளர் பக்கத்தில் நின்றவரிடம் பேசத் திரும்பிவிட்டார். கடைசி 3 மீட்டரைப் பையன் விழுந்தே கடந்தான், மணிக்கட்டு முறிந்தது. அவனுடைய தந்தை படிவத்தில் கையெழுத்திட்டவர்தான். இப்போது அவரிடமிருந்து இழப்பீடு கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. 15 நாளில் பதில் வேண்டுமாம். படிவத்தின் நகலை அனுப்பிவிட்டால் போதுமா?

பதில்: போதாது. அந்தப் படிவத்தையே கேடயமாக நீட்டினால் அது உங்களுக்கு எதிராகத் திரும்பும். ‘மரணம் நேர்ந்தாலும் பொறுப்பல்ல’ என்று முன்கூட்டியே அச்சடித்து வைத்தவர் பாதுகாப்பில் என்ன அக்கறை காட்டியிருப்பார் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். அந்தக் கேள்வியை நீங்களே எடுத்துக் கொடுத்ததாகிவிடும்.

விளையாட்டில் ஆபத்து இரண்டு வகை. எவ்வளவு கவனமாக நடத்தினாலும் அந்த விளையாட்டை விட்டு நீங்காதது ஒன்று: பிடி நழுவும், தோலுரியும், குதிக்கும்போது கால் பிசகும். நடத்துபவரின் தவறால் கூடுதலாக வந்து சேர்வது மற்றொன்று. முதல் வகையை அறிந்து ஏற்றவர் பிறகு அதற்காக வழக்காட முடியாது என்பது பழைய சட்டக் கொள்கை. குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 25ஆம் பிரிவில் இதற்கு அழகான உதாரணமே உண்டு: இருவர் பொழுதுபோக்காக வாள் சுழற்றி விளையாட ஒப்புக்கொள்கிறார்கள், முறையாக ஆடும்போது ஒருவர் மற்றவரைக் காயப்படுத்தினால் குற்றமில்லை. அந்தச் சலுகை முறைகேடில்லாத ஆட்டத்துக்கு மட்டும்தான். ஒப்புதல் தந்தவருக்கும் 18 வயது கடந்திருக்க வேண்டும்.

இரண்டாவது வகையைக் கையெழுத்தால் கழுவ நினைக்கும்போதுதான் சிக்கல். இந்தியாவில் விளையாட்டுப் படிவங்களுக்கென்று தனிச் சட்டம் இல்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் 23ஆம் பிரிவுதான் அடிப்படை: பொதுநலனுக்கு முரணான ஒப்பந்தம் செல்லாது. சலவைக் கடை ரசீதில் ‘துணி தொலைந்தால் மதிப்பில் 15 சதவீதம்தான் தருவோம்’ என்று அச்சடித்திருந்ததைச் சென்னை உயர் நீதிமன்றம் 1960களிலேயே இந்தக் காரணத்தால் தள்ளிவிட்டது. பேரம் பேச வலுவில்லாதவரிடம் புள்ளிக்கோட்டில் கையெழுத்து வாங்கிய நியாயமற்ற நிபந்தனை செல்லாது என்று 1986இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2019இல் விடுதி ஒன்றில் நிறுத்தக் கொடுத்த கார் திருடுபோன வழக்கு வந்தது. சீட்டிலிருந்த ‘உரிமையாளர் பொறுப்பில்’ என்ற வாசகம் விடுதியின் சொந்தக் கவனக்குறைவை மூடாது. கவனமாக இருந்ததை விடுதிதான் காட்ட வேண்டும் என்று தீர்ப்பானது. ஒரு துணிக்கும் காருக்குமே இந்த நிலை என்றால், ஒருவருடைய எலும்பை 15 சதவீதத்துக்குக்கூட அல்ல, சுழியத்துக்கு எழுதி வாங்கும் படிவம் நிற்கும் என்று நம்ப வேண்டாம்.

போதாததற்கு, கட்டணம் வாங்குவதால் நீங்கள் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019க்குள் வருகிறீர்கள். அதன் 2(46) பிரிவு ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ எது என்று வரையறுக்கிறது. நுகர்வோரைப் பாதகமான நிலையில் வைக்கும் நியாயமற்ற நிபந்தனையும் அதில் அடங்கும். அப்படிப்பட்ட வாசகத்தைச் செல்லாது என்று அறிவிக்க மாநில நுகர்வோர் ஆணையத்துக்கு 49(2) பிரிவு நேரடி அதிகாரம் தருகிறது. ‘வழக்குத் தொடர மாட்டேன்’ என்ற வரிக்கு மதிப்பு இன்னும் குறைவு. நீதிமன்றக் கதவை முழுமையாக அடைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவு. அந்த வரியை இன்றே நீக்கிவிடுங்கள்.

முதலில் அந்தப் பெண்ணின் விஷயம். குதித்தார், கால் பிசகியது என்றால் நீங்காத ஆபத்து. உங்கள் நிலை வலுவானது. ஆனால் உங்கள் கடிதத்தில் மெத்தையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. தாழ்சுவரில் கணுக்கால் முறிந்தால் நான் முதலில் கேட்பது மெத்தையைத்தான். இரண்டு மெத்தைகளுக்கு நடுவே இடைவெளி இருந்ததா? அதை மூடும் வெல்க்ரோ பட்டை ஒட்டியிருந்ததா, பிய்ந்து சுருண்டு கிடந்ததா? அவர் விழுந்த இடத்தில் நுரை அமுங்கி, காலை வைத்தால் தரை தட்டியதா? பாதம் இடைவெளியில் இறங்கி முறிந்திருந்தால் அது ஏறுதலின் ஆபத்தல்ல, உங்கள் பராமரிப்பின் குறை. 27 வயதில் அறிந்து போட்ட கையெழுத்தும் அங்கே உதவாது. அன்று காலை மெத்தையைச் சோதித்து எழுதிய பதிவேடு இருந்தால் எடுத்து வையுங்கள். இல்லையென்றால் இப்போது உட்கார்ந்து பழைய தேதி போட்டு எழுதாதீர்கள். ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஒரே மூச்சில் நிரப்பிய முப்பது நாள் பதிவேட்டைக் குறுக்கு விசாரணையில் பிடிப்பது கடினமே இல்லை. அதன்பின் உங்கள் உண்மையான ஆவணத்தையும் யாரும் நம்பமாட்டார்கள்.

பையனின் வழக்கு கடினமானது, மறைத்துச் சொல்லிப் பயனில்லை. 18 வயதுக்கு உட்பட்டவரின் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்பது 1903 முதல் நிலைபெற்ற சட்டம். அப்பா போட்ட கையெழுத்து? மகன் ஏறுவதற்கு அவர் அனுமதி தந்தார், ஆபத்தை அறிந்திருந்தார் என்பதற்கு அது சாட்சி. மகனுக்குச் சேர வேண்டிய இழப்பீட்டை அவர் முன்கூட்டியே விட்டுக்கொடுத்தார் என்று அதைப் படிக்க முடியாது. பெற்றோர் போன்ற இயற்கைக் காப்பாளர்கூட மைனரைத் தனிப்பட்ட உறுதிமொழியால் கட்டிவைக்க முடியாது என்று இந்து மைனர், காப்பாளர் சட்டம் 1956இன் 8ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. சேவையைப் பெற்ற பிள்ளையும் அதற்கு ஏற்பாடு செய்த பெற்றோரும் தனித்தனியே நுகர்வோர்கள் என்று 1998இல் ஒரு மருத்துவமனை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால், தந்தை தன் பங்குக்கும் கேட்கலாம்.

கயிறு பிடித்தவர் உங்கள் ஊழியர். வேலை நேரத்தில் அவர் செய்த கவனக்குறைவு உங்களுடையதே. 1995இல் பள்ளிச் சுற்றுலா போன 14 மாணவர்கள் பியாஸ் ஆற்றில் மூழ்கி இறந்த வழக்கில், உடன் சென்ற ஆசிரியர்களின் அசட்டைக்குப் பள்ளி நிர்வாகமே பொறுப்பு என்று 2001இல் முடிவானது இந்த அடிப்படையில்தான். கூடுதலாக ஒன்று: மணிக்கட்டு எலும்பு முறிவு சட்டத்தின் கண்ணில் ‘கொடுங்காயம்’. கவனக்குறைவால் கொடுங்காயம் விளைவித்தால் பாரதிய நியாய சன்ஹிதா 125(ஆ) பிரிவில் 3 ஆண்டு வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். காவல் நிலையப் புகாருக்கு எந்தப் படிவமும் தடையாகாது.

இனி செய்ய வேண்டியது. நோட்டீஸுக்குப் பதில் எழுதும் முன் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் போகட்டும், இன்றே, எழுத்தில். பொதுப் பொறுப்புக் காப்பீடு (வருவோருக்கு நேரும் காயத்துக்கான இழப்பீட்டை ஏற்பது) எடுத்திருந்தால், தாமதமான தகவலும் நிறுவனத்தின் சம்மதமில்லாமல் நீங்கள் ஒப்புக்கொண்ட பொறுப்பும் கோரிக்கையை மறுக்கக் காரணமாகலாம். பாலிசியின் விலக்குப் பட்டியலைப் படியுங்கள். ‘சாகச விளையாட்டு’ என்ற சொல் அங்கே இருந்தால், பிரீமியம் கட்டிக்கொண்டே காப்பீடில்லாமல் இருந்திருக்கிறீர்கள்.

அடுத்து, சிசிடிவி. ரெக்கார்டர் சில வாரங்களிலேயே பழையதன் மேல் புதியதை எழுதிவிடும். விபத்துக்கு அரை மணி முன்னும் பின்னுமான பதிவை நகலெடுங்கள். மின்னணுப் பதிவு சாட்சியமாக ஏற்கப்பட, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 63(4) பிரிவின்படி சான்றிதழ் தேவை. ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு), கருவிக்குப் பொறுப்பானவரின் கையொப்பமும், நிபுணர் ஒருவரின் கையொப்பமும் அதில் இடம்பெற வேண்டும். பதிவு உங்களுக்குப் பாதகமாக இருந்தாலும் அழிக்க வேண்டாம். அழித்தால் அழித்தது மட்டுமே வழக்காகும்.

அன்று பயன்படுத்திய கயிறு, ஹார்னஸ் (ஏறுபவர் இடுப்பில் கட்டும் வார்ப்பட்டை), பிலே கருவி (கீழே நிற்பவர் கயிற்றைப் பிடித்து நிறுத்த உதவுவது) மூன்றையும் தனிப் பையில் போட்டு ஒட்டி, தேதி எழுதிப் பூட்டுங்கள். மறுபடி சுவரில் மாட்டாதீர்கள். கருவி பழுதில்லை என்று காட்டும் வாய்ப்பு அந்தப் பையில்தான் இருக்கிறது. பயிற்சியாளர் தான் பார்த்ததைத் தன் சொற்களில் எழுதித் தரட்டும். நீங்கள் சொல்லிக்கொடுத்து எழுதவைக்காதீர்கள். மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகலை, பேச்சு வழக்கில் ஏ.ஆர். காப்பியை, உங்கள் வக்கீல் வழியாகக் கேளுங்கள். விபத்து நடந்த விதம் குறித்து முதல் மணி நேரத்தில் டாக்டரிடம் சொன்னது அதில் இருக்கும். பிறகு மாறும் எந்தக் கதையையும் விட அதற்கு எடை அதிகம்.

பதில் நோட்டீஸ் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நிகழ்வு நடந்ததை ஏற்று, பொறுப்பை அப்படியே மறுத்து, மருத்துவ ஆவணங்களையும் தொகைக்கான கணக்கையும் கேட்டால் போதும். ‘பையன் கைகால் உதறினான்’ என்றெல்லாம் ஆதாரமின்றி எழுதாதீர்கள். பங்குக் கவனக்குறைவு, அதாவது காயத்தில் அவனுடைய கவனக்குறைவுக்கும் பங்குண்டு என்ற வாதம் தொகையைக் குறைக்க உதவும், ஆனால் சிசிடிவியில் தெரிந்தால் மட்டும். விஷயம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போய், புகாரின் நகலோடு அறிவிப்பு வந்தால் பதிலுரைக்கு 30 நாள். மிஞ்சினால் கூடுதலாக 15 நாள். 46ஆம் நாள் கொண்டுபோனால் ஏற்க ஆணையத்துக்கே அதிகாரமில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு முடிவு செய்துவிட்டது.

நியாயமாகப் பேசி முடிப்பதுதான் இந்த வழக்கில் நல்லது என்பது என் கருத்து. சிகிச்சைச் செலவை, காப்பீட்டு நிறுவனத்தின் சம்மதம் பெற்று, ‘உரிமைகளுக்குப் பாதகமின்றி’ (தருவது பொறுப்பை ஏற்றதாகாது என்று பொருள்) என்ற குறிப்போடு தரலாம். ஆனால் அப்பாவிடம் மட்டும் ‘முழுத் தீர்வு’ என்று எழுதி வாங்கி நிறுத்திவிட்டால் பழைய தவறே திரும்பும். மைனர் தரப்பில் நடக்கும் வழக்கில் சமரசத்துக்கு நீதிமன்ற அனுமதி வேண்டும் என்பது உரிமையியல் விசாரணை முறைச் சட்டம், ஆணை 32, விதி 7. ஆகவே சமரசம் ஆணையத்திலோ நீதிமன்றத்திலோ பதிவாகி முடியட்டும்.

படிவத்தை முழுக்கத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதன் வேலையை மாற்றுங்கள். பொறுப்பைத் துறக்கும் தாளாக இல்லாமல், ஆபத்தை அறிவிக்கும் தாளாக ஆக்குங்கள். இப்போதுள்ள வாசகம் வெளிநாட்டுப் படிவத்தின் பெயர்ப்புபோல் தெரிகிறது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் அது ஓரளவு செல்லும். இங்கிலாந்திலேயே, கவனக்குறைவால் நேரும் மரணத்துக்கோ காயத்துக்கோ தொழில் நடத்துபவர் பொறுப்பைத் துறக்க முடியாது என்று 1977இலேயே சட்டம் வந்துவிட்டது. உங்கள் தாளில் இப்படி எழுதலாம்: ‘தாழ்சுவரில் ஒவ்வொரு முறை இறங்குவதும் ஒரு விழுதல்தான். மெத்தை சரியாக இருந்தாலும் கணுக்கால், முழங்கால், மணிக்கட்டு முறியக்கூடும். பின்னால் கை ஊன்றி விழக்கூடாது என்று எனக்குச் செய்து காட்டினார்கள்.’ கடைசி வாக்கியத்துக்குப் பக்கத்தில் காட்டியவரின் பெயரும் நேரமும் வரட்டும். படிப்பவருக்குத் தெரிந்த மொழியில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில், வரிசையில் நிற்கும்போது அல்ல, உட்கார்ந்து படிக்க நேரம் கொடுத்து வாங்குங்கள். நோய் விவரம், அவசரத் தொடர்பு எண், மைனருக்குச் சிகிச்சை தரப் பெற்றோர் சம்மதம் ஆகியவை தனித் தாளில் இருக்கட்டும்.

அதற்கு மேல் உங்களைக் காப்பது பதிவேடுகள்தான். ஒவ்வொரு கயிற்றுக்கும் ஹார்னஸுக்கும் ஓர் எண், உற்பத்தி மாதம், முதலில் பயன்படுத்திய நாள், சோதித்தவர் பெயர். துணிப்பொருளுக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாகத் தரும் உச்ச ஆயுள், பெட்டியிலேயே கிடந்தாலும், உற்பத்தியிலிருந்து 10 ஆண்டு. ஏறுவதற்கு முன் முடிச்சையும் பக்கிளையும் ஏறுபவரும் பிடிப்பவரும் ஒருவருக்கொருவர் பார்ப்பது விதியாகட்டும். கயிறு பிடித்திருப்பவரிடம் யாரும் பேசக்கூடாது என்பதும் விதியாகட்டும்; அதைச் சுவரில் எழுதினால் போதாது, மீறிய ஊழியருக்குக் கொடுத்த எச்சரிக்கைக் கடிதமும் கோப்பில் இருக்க வேண்டும். விழாமல் தப்பிய சம்பவங்களையும் எழுதுங்கள். எழுதினால் மாட்டிக்கொள்வோமே என்று பலர் தயங்குகிறார்கள். எழுதிவிட்டுச் சரிசெய்யாமல் விட்டால்தான் மாட்டுவீர்கள்.

இந்தக் கோப்பை எத்தனை நாள் வைத்திருப்பது என்றால், அந்தப் பெண்ணுக்கு ஆணையத்தில் 2 ஆண்டும் உரிமையியல் நீதிமன்றத்தில் 3 ஆண்டும் காலவரம்பு. பையனுக்குக் காலவரையறைச் சட்டம் 1963இன் 6, 8 பிரிவுகளின்படி, 18 நிறைந்த பிறகே உரிமையியல் வழக்குக்கான 3 ஆண்டு எண்ணப்படும். அவனுடைய கோப்பின் முகப்பில் அவன் 21 நிறையும் தேதியை எழுதி ஒட்டுங்கள்; அதுவரை பூட்டிய பையையும் திறக்காதீர்கள்.