36 வயது, ஜெர்மன் தெரியாது. ஜெர்மனியில் போய்த் தங்கி வேலை தேட அனுமதிக்கும் சான்ஸன்கார்ட்டெ என்ற கார்டுக்குத் தேவையான 6 புள்ளி எனக்கு வருமா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: மெக்கானிக்கல் பி.இ., மொத்தம் 11 வருட அனுபவம், அதில் 8 வருடம் டிசைன், கடைசி 3 வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டிங். ஆங்கிலம் சி1 (ஏ1, ஏ2, பி1, பி2, சி1 என்று ஏறும் ஐரோப்பிய மொழித்திறன் படிகளில் ஒன்று), ஜெர்மன் பூஜ்யம். அனுபவத்துக்கு 3, வயதுக்கு 1, ஆங்கிலத்துக்கு 1, ஆள் பற்றாக்குறை உள்ள துறைக்கு 1, ஆக 6 வந்துவிட்டது, வேலையை விட்டுவிடலாமா என்கிறீர்கள்.

விடாதீர்கள். என் கணக்கில் உங்களுக்கு 5தான் வருகிறது.

இடிப்பது அனுபவம்தான். 3 புள்ளி வேண்டுமென்றால் கடந்த 7 வருடத்தில் குறைந்தது 5 வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும், அதுவும் படித்த படிப்போடு தொடர்புள்ள வேலையாக இருக்க வேண்டும். உங்கள் கடைசி 7 வருடத்தில் டிசைன் 4 வருடம்தான், டெஸ்டிங்கை மெக்கானிக்கல் பட்டத்தோடு ஒட்டவைக்க முடியாது. கடந்த 5 வருடத்தில் 2 வருடம் என்ற அடுத்த படிக்கு நீங்கள் பொருந்துகிறீர்கள், அதற்கு 2 புள்ளி. அதுவும் நூலிழையில் நிற்கிறது, டெஸ்டிங்கில் இன்னும் சில மாதம் ஓடினால் அந்த 2 வருடமும் தேய்ந்துவிடும். மற்ற மூன்றும் நீங்கள் எண்ணியது சரி. 35 தாண்டாதவர்களுக்கு 2, 40 தாண்டாதவர்களுக்கு 1.

குறையும் அந்த ஒரு புள்ளியை ஜெர்மன் ஏ2 தேர்வு கொடுத்துவிடும். பி1 என்றால் 2, பி2 என்றால் 3. சில மாதம் ஒழுங்காக உட்கார்ந்தால் ஏ2 எட்டிவிடலாம்.

ஆனால் இந்தக் கணக்கே உங்களுக்குத் தேவைப்படாமல் போகலாம், அதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். சான்ஸன்கார்ட்டெவுக்கு இரண்டு வழி இருக்கிறது. படிப்பு ஜெர்மனியில் முழுமையாக அங்கீகரிக்கப்பட்டது என்றால் உங்களைத் தகுதி பெற்ற தொழிலாளராகவே எடுத்துக்கொள்வார்கள், புள்ளி எண்ணுவதே கிடையாது. அப்படி இல்லாதவர்களுக்குத்தான் 6 புள்ளி விவகாரம். அனாபின் என்று ஒரு அரசுத் தரவுத்தளம் இருக்கிறது. அதில் பல்கலைக்கழகத்துக்கு எச் பிளஸ் (அங்கீகாரம் உண்டு என்ற குறி) போட்டிருக்கிறதா, உங்கள் பட்டத்துக்கு நேராக 'என்ட்ஷ்ப்ரிஷ்ட்' (பொருந்துகிறது) அல்லது 'க்ளைஷ்வெர்டிக்' (சமமானது) என்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் இரண்டு பக்கத்தையும் அச்செடுத்து விண்ணப்பத்தோடு வைக்கலாம். கல்லூரி பெயரைப் போட்டுத் தேடாதீர்கள், பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்தின் பெயரைப் போடுங்கள். இதில் ஏதாவது இல்லை என்றால் ஸாப் என்ற அலுவலகத்திடம் ஒப்பீட்டுச் சான்று வாங்கவேண்டியிருக்கும், கட்டணம் 208 யூரோ.

நானும் 2024 ஜூனில் இந்தத் திட்டம் வந்த கையோடு புள்ளி எண்ணி எண்ணித் தூக்கம் கெட்டவன்தான். ஒரு கன்சல்டன்ட் என்னிடம் 'உங்களுக்கு 7 உறுதி' என்று சொல்லி முன்பணமும் வாங்கிக்கொண்டார். அப்புறம் ஒருநாள் சும்மா அனாபினைத் திறந்தால் என் பட்டம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது, ஒரு புள்ளிகூடத் தேவையில்லை. முன்பணம் போனது போனதுதான்.

புள்ளி வழியாக வருவதில் இன்னொரு சிக்கலும் உண்டு, இதைப் பலர் யோசிப்பதில்லை. கார்டு உங்களை ஜெர்மனிக்குள் விடும், அவ்வளவுதான். வேலை கிடைத்தபின் அதை வேலை அனுமதியாகவோ, பட்டதாரிகளுக்கான புளூ கார்டு என்ற அனுமதியாகவோ மாற்ற வேண்டும், அங்கே படிப்பு அங்கீகாரம் மறுபடி எழும். ஐடிக்காரர்களுக்கும், அனுபவத்தை வைத்து நல்ல சம்பளத்தில் சேருபவர்களுக்கும் விலக்குகள் இருக்கின்றன, ஆனால் எல்லாருக்கும் பொருந்தாது. அதனால் 6 வந்தாலும் சரி, பட்டத்தின் நிலையைத் தெரிந்துகொண்டு கிளம்புங்கள். மாற்றுவதற்காக ஊருக்குத் திரும்பவேண்டியதில்லை, அங்கேயே வெளிநாட்டவர் அலுவலகத்தில் செய்துகொள்ளலாம், அது ஒரு நிம்மதி.

பணம்: 2025 கணக்குப்படி மாதம் 1,091 யூரோ, ஒரு வருடத்துக்கு 13,092 யூரோவை பிளாக்டு அக்கவுண்டில் போட்டுக் காட்ட வேண்டும். போய்ச் சேர்ந்தபின் மாதாமாதம் அந்த 1,091தான் கைக்கு வரும். பெரிய நகரத்தில் வாடகைக்கே பெரும்பகுதி போய்விடும், எனவே அதற்கு மேலும் கையில் கொஞ்சம் வைத்திருங்கள். வேலை தேடும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை எந்த வேலையும் பார்க்கலாம். அது போக ஒரு நிறுவனத்துக்கு இரண்டு வாரம் வரை சோதனை வேலையும் உண்டு. நான் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினேன். முதுகு வலித்தது, ஆனால் வகுப்பில் வராத ஜெர்மன் அங்கே வந்தது.

அந்த மொழிதான் உங்கள் உண்மையான தடை. அடிப்படைத் தகுதிக்கு ஆங்கிலம் பி2 போதும் என்று விதி சொல்கிறது, ஏ1 ஜெர்மன்கூடக் கட்டாயமில்லை. டிசைன் வேலைக்கு நேர்முகம் போனால் கதை வேறு. தொழிற்சாலையில் இருக்கும் ஆளோடு யார் பேசுவது என்றுதான் கேட்பார்கள். எனக்கு வந்த முதல் நான்கு மறுப்பும் அதனால்தான், பி1 முடித்த பிறகுதான் இரண்டாம் சுற்றுக்கே கூப்பிட்டார்கள். கார்டு அதிகபட்சம் ஒரு வருடத்துக்கு, அந்த ஒரு வருடத்தை மொழி வகுப்பிலேயே கரைத்துவிட்டு வேலை தேட நேரமில்லாமல் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். இங்கேயே பி1 வரை படித்துவிட்டுப் போனால் புள்ளி 7 ஆகிவிடும் என்பது போனஸ்.

ஆக, இந்த வாரம் அனாபின் பாருங்கள், அடுத்த வாரம் மொழி வகுப்பில் சேருங்கள். வேலையை, விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வந்தபிறகு விட்டால் போதும். டிசைன் வேலை பார்த்த நிறுவனத்திடம் மட்டும் இப்போதே அனுபவக் கடிதம் கேளுங்கள், சேர்ந்த தேதி, விலகிய தேதி, என்ன வேலை செய்தீர்கள் என்று விவரமாக எழுதச் சொல்லுங்கள். 'நன்றாக வேலை செய்தார்' என்று ஒரு வரியில் முடித்த கடிதத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.