பட்டாம்பூச்சிக் கனவுக்கு அப்பால்: சுவாங்ட்சு பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் பழஞ்சீனத் தாவோ ஞானி சுவாங்ட்சுவைப் பற்றி ஒரு பக்க அறிமுகம் வெளியானது. (தாவோ என்றால் ‘வழி’, இயற்கையின் போக்கு. அவர் பெயரில் வழங்கும் நூலுக்கும் ‘சுவாங்ட்சு’ என்றே பெயர்.) அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

சுவாங்ட்சு என்று ஒருவர் நிஜமாகவே இருந்தாரா? அந்த நூல் முழுவதும் அவர் எழுதியதுதானா?
(வாசகர், மதுரை)

இருந்தார் என்றே கொள்ளலாம். பழஞ்சீன வரலாற்றாசிரியர் சிமா சியான் அவரைப் பற்றிச் சிறு குறிப்பு எழுதியிருக்கிறார். இயற்பெயர் சுவாங் சோ. ஊர் மெங். சியுவான் என்ற இடத்தில் சிறு அதிகாரியாக இருந்தார். லியாங் நாட்டு ஹுயி மன்னர், சீ நாட்டு சுவான் மன்னர் காலத்தவர் என்றும் அதில் இருக்கிறது. ஆகவே கி.மு. 4ஆம் நூற்றாண்டு. கி.மு. 369–286 என்று அச்சில் வரும் ஆண்டுகள் இதை வைத்துச் செய்த ஊகம்தான்.

நூல் வேறு விஷயம். ஹான் அரசமரபுக் காலத்து நூற்பட்டியலில் 52 அத்தியாயங்கள் இருந்தன. இன்று நம் கையில் இருப்பது, கி.பி. 312இல் இறந்த உரையாசிரியர் குவோ சியாங் வெட்டித் தொகுத்த 33 அத்தியாயங்கள். உட்பகுதி 7, புறப்பகுதி 15, கலவைப் பகுதி 11. உட்பகுதி ஏழும் சுவாங்ட்சுவின் கைக்கு மிக நெருக்கமானவை என்பது பெரும்பாலோர் கருத்து. மற்றவை அவர் வழிவந்தவர்களும் பிறரும் சேர்த்தவை. 28 முதல் 31 வரையிலான நான்கும் அவருடையவை அல்ல என்று 11ஆம் நூற்றாண்டிலேயே கவிஞர் சு ஷி ஐயப்பட்டார். எனவே யாராவது “சுவாங்ட்சு சொல்கிறார்” என்று ஆரம்பித்தால், எந்த அத்தியாயம் என்று கேளுங்கள். பாதி வாட்ஸ்அப் பொன்மொழிகள் அங்கேயே உதிர்ந்துவிடும்.

பட்டாம்பூச்சிக் கனவுக் கதையின் பொருள் “உலகம் மாயை” என்பதுதானே?
(வாசகி, காரைக்குடி)

அப்படித்தான் மேடைகளில் சொல்கிறார்கள். கதையைப் பாதியில் நிறுத்துவதால் வரும் குழப்பம் இது. சுவாங் சோ தான் பட்டாம்பூச்சியாகப் பறப்பதாகக் கனவு காண்கிறார். விழித்ததும், பட்டாம்பூச்சியாகக் கனவு கண்ட சோவா, சோவாகக் கனவு காணும் பட்டாம்பூச்சியா என்று தெரியவில்லை. எல்லோரும் இங்கே முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறார்கள். மூலத்தில் இன்னும் இரண்டு வரி உண்டு. சோவுக்கும் பட்டாம்பூச்சிக்கும் ஏதோ ஒரு வேறுபாடு இருந்தே தீரும், இதற்குப் பெயர் பொருள்களின் உருமாற்றம் என்று அத்தியாயம் முடிகிறது. இரண்டில் ஒன்று பொய் என்று அவர் சொல்லவே இல்லை. ஒரு நிலையில் இருந்துகொண்டு இன்னொரு நிலையை அளக்க முடியாது என்பதே அந்த 2ஆம் அத்தியாயம் முழுக்க ஓடும் வாதம். நம்மூர் மாயாவாதத்தை அதன் மேல் போர்த்தினால் இரண்டுமே புரியாமல் போகும்.

மாடு வெட்டும் சமையற்காரர் கதையை எங்கள் அலுவலகப் பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். “கஷ்டப்படாதே, போக்கில் போ” என்பதுதான் பாடமாம். சரிதானா?
(வாசகர், கோயம்புத்தூர்)

சரியில்லை. 3ஆம் அத்தியாயத்தில் வரும் கதை இது. சமையற்காரர் திங், வென்ஹுயி பிரபுவுக்கு முன்னால் மாட்டைக் கூறுபோடுகிறார். கை தொடும் இடம், தோள் சாயும் இடம், கால் ஊன்றும் இடம், முழங்கால் அழுத்தும் இடம் எல்லாம் தாளத்தோடு நடக்கின்றன. பிரபு வியக்கிறார். திங் கணக்குச் சொல்கிறார்: தொடங்கிய காலத்தில் கண்ணுக்குத் தெரிந்தது முழு மாடு. மூன்று ஆண்டு கழித்து முழு மாடு தெரிவது நின்றது. சாதாரணச் சமையற்காரர் மாதம் ஒரு கத்தி மாற்றுகிறார், ஏனென்றால் அவர் எலும்பில் வெட்டுகிறார். நல்ல சமையற்காரர் ஆண்டுக்கு ஒன்று மாற்றுகிறார், அவர் சதையை அறுக்கிறார். திங்கின் கத்திக்கு வயது 19. சில ஆயிரம் மாடுகளைப் பார்த்த பிறகும் சாணைக்கல்லிலிருந்து அப்போதுதான் எடுத்தது போல இருக்கிறது. மூட்டுகளுக்கு நடுவே இடைவெளி உண்டு, கத்தி முனைக்குக் கனமில்லை, கனமில்லாதது இடைவெளியில் நுழைந்தால் புழங்க இடம் தாராளம் என்கிறார்.

பயிற்சி வகுப்புகள் இதோடு நிறுத்திக்கொள்ளும். அடுத்து வருவதுதான் முக்கியம். நரம்பும் எலும்பும் பின்னிக் கிடக்கும் முடிச்சுக்கு வரும்போது திங் என்ன செய்கிறார்? கஷ்டம் என்று முதலில் ஒப்புக்கொள்கிறார். எச்சரிக்கையாகிறார். பார்வை ஓரிடத்தில் நிற்கிறது, கை மெதுவாகிறது, கத்தி அசைவதே தெரியாத அளவுக்கு அசைகிறது. சட்டென்று மண்கட்டி சரிவது போல மொத்தமும் பிரிந்து விழுகிறது. நிமிர்ந்து நின்று சுற்றிப் பார்த்து, திருப்தியாகி, கத்தியைத் துடைத்து எடுத்து வைக்கிறார்.

ஆக, முதல் மூன்று ஆண்டுப் பழக்கத்தையும், முடிச்சில் வேகம் குறைப்பதையும் விட்டுவிட்டு “போக்கில் போ” என்றால் கத்திதான் போகும்.

பழக்கத்தின் அளவை இன்னும் துல்லியமாகத் தெரிந்துகொள்ள 19ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள். கூன் விழுந்த ஒருவர் பிசின் கோலால் சில்வண்டு பிடிக்கிறார். ஐந்தாறு மாதம் கோல் நுனியில் உருண்டைகளை அடுக்கிப் பழகினாராம். இரண்டு உருண்டை விழாமல் நின்றால் ஒருசில வண்டுகளே தப்பும். மூன்று நின்றால் பத்தில் ஒன்று தப்பும். ஐந்து நின்றால் கையால் பொறுக்குவது போலத்தான்.

அதே அத்தியாயத்தில் தச்சர் சிங், இசைமணி தொங்கவிடும் சட்டம் செய்வதற்கு முன் நோன்பிருக்கிறார். மூன்றாம் நாளில் பரிசு, பதவி பற்றிய நினைப்பு போகிறது. ஐந்தாம் நாளில் புகழும் பழியும், நல்ல வேலைக்காரன் என்ற பெயரும் மறக்கின்றன. ஏழாம் நாளில் தனக்குக் கைகால் உண்டென்பதே மறந்துபோகிறது. அதற்குப் பிறகே காட்டுக்குள் போகிறார். மரத்திலேயே சட்டம் முழுதாகத் தெரிந்தால் கை வைக்கிறார், தெரியாவிட்டால் விட்டுவிடுகிறார். அலுவலகக்காரர்களுக்கு இந்தக் கடைசிப் பகுதி பிடிக்காது.

“பயனற்ற மரமே வெட்டுப்படாமல் வாழும்” என்பது சோம்பேறிகளுக்கு நல்ல சாக்கு அல்லவா?
(வாசகர், திருநெல்வேலி)

சாக்காக எடுத்துக்கொள்ள முடியாதபடி நூலே கதவை அடைத்துவிடுகிறது. 20ஆம் அத்தியாயத்தில், பயனில்லை என்று மரவெட்டிகள் தொடாமல் விட்ட மரத்தைச் சுவாங்ட்சு சீடர்களுக்குக் காட்டுகிறார். அன்று மாலை நண்பர் வீட்டில் விருந்து. கத்தத் தெரிந்த வாத்து ஒன்று, தெரியாதது ஒன்று. எதை அடிப்பது என்று வேலைக்காரப் பையன் கேட்க, கத்தாததை அடி என்கிறார் வீட்டுக்காரர். மறுநாள் சீடர்கள் மடக்குகிறார்கள்: மரம் பயனின்றிப் பிழைத்தது, வாத்து பயனின்றிச் செத்தது, நீங்கள் எந்தப் பக்கம்? சுவாங்ட்சு சிரித்து, இரண்டுக்கும் நடுவில் நிற்பேன் என்கிறார். அடுத்த மூச்சிலேயே, அதுவும் தொல்லையிலிருந்து தப்ப முழுதும் உதவாது என்கிறார்.

முதல் அத்தியாயத்தில் நண்பர் ஹுயிட்சு, பெரிய சுரைக்காய் காய்த்தது, தண்ணீர் நிரப்பினால் தாங்காது, அகப்பையாக வெட்டினாலும் பயன்படாது, உடைத்துவிட்டேன் என்று அலுத்துக்கொள்கிறார். இடுப்பில் கட்டி ஆற்றில் மிதந்திருக்கலாமே என்று கேட்கிறார் சுவாங்ட்சு. கை வெடிப்புக் களிம்பு கதையும் அங்கேதான். சோங் நாட்டுக் குடும்பம் ஒன்று அந்தக் களிம்பைப் பூசிக்கொண்டு தலைமுறை தலைமுறையாகப் பட்டுப்பஞ்சு அலசியது. செய்முறையை நூறு பொன்னுக்கு வாங்கிய வெளியூர்க்காரர் அதை வூ நாட்டு மன்னரிடம் கொண்டுபோனார். குளிர்காலத்தில் யுவே நாட்டோடு நடந்த நீர்ப்போரில் வென்று நிலம் பெற்றார். களிம்பு ஒன்றே, பயன்படுத்தத் தெரிந்த விதம்தான் வேறு.

மனைவி இறந்தபோது தாளம் தட்டிப் பாடினாராமே. இவரை ஞானி என்பதா, கல்நெஞ்சர் என்பதா?
(வாசகி, சேலம்)

உங்கள் கேள்வியைத்தான் துக்கம் கேட்க வந்த ஹுயிட்சுவும் கேட்கிறார் (18ஆம் அத்தியாயம்). உங்களோடு வாழ்ந்து, பிள்ளைகளை வளர்த்து, மூப்படைந்தவள். அழாமல் இருப்பதே அதிகம், பாட்டு வேறா? சுவாங்ட்சுவின் பதிலில் முதல் வாக்கியத்தைப் பலர் தவறவிடுகிறார்கள்: அவள் இறந்த உடனே எனக்கு மட்டும் துக்கம் இல்லாமலா இருந்திருக்கும்? அதற்குப் பிறகுதான் யோசனை. தொடக்கத்தில் அவளுக்கு உயிர் இல்லை, உருவம் இல்லை, மூச்சாற்றல்கூட இல்லை. ஒன்று மாறி ஒன்றாக வந்து உயிரானது, இப்போது இன்னொரு மாற்றம், நான்கு பருவங்கள் சுழல்வது போல. பாட்டு துக்கத்துக்குப் பின் வந்தது. துக்கப்படுகிறவரிடம் போய் இந்தக் கதையைச் சொல்லி அழுகையை நிறுத்தச் சொல்வது அபத்தம். சுவாங்ட்சு அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அவர் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தாரா?
(வாசகர், புதுச்சேரி)

செய்முறை எதுவும் இல்லை. உண்மை மனிதர் குதிகால் வரை மூச்சு விடுவார் என்று 6ஆம் அத்தியாயத்தில் ஒரு வரி உண்டு. ஆனால் 15ஆம் அத்தியாயம், மூச்சை ஊதி இழுத்துக் கரடி போலத் தொங்கிப் பறவை போல நீட்டி நிமிர்வதை, ஆயுளை நீட்ட ஆசைப்படுகிறவர்களின் வேலை என்று ஒதுக்குகிறது. “சுவாங்ட்சு முறை” என்று கட்டணம் கேட்டால் யோசித்துக் கொடுங்கள்.

எங்கிருந்து படிக்கத் தொடங்குவது? முதல் அத்தியாயத்திலேயே பெரிய பறவை வந்து குழப்பிவிட்டது.
(வாசகி, சென்னை)

வரிசையாகப் படித்தால் 2ஆம் அத்தியாயத்தில் பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள். நூலிலேயே கடினமானது அதுதான். 17 முதல் 20 வரை முதலில் படியுங்கள், கதைகள் சிறியவை, தெளிவானவை. பிறகு 3, 4. அதன்பின் 1, 5, 6, 7. கடைசியில் 2. ஒரே மூச்சில் வேண்டாம், ஒரு நாளைக்கு ஒரு கதை போதும்.

படிக்கும்போது யார் பேசுகிறார் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இதில் வரும் கன்பூசியஸ் பெரும்பாலும் கற்பனைப் பாத்திரம். சில இடத்தில் ஆசிரியரின் குரலாகவே பேசுவார், சில இடத்தில் கேலிக்கு ஆளாவார். அவர் வாயில் வந்ததை எல்லாம் கன்பூசியஸ் கருத்து என்று மேற்கோள் காட்டினால் மானம் போகும்.

ஆங்கிலத்தில் முழு நூலுக்கு பர்ட்டன் வாட்சனின் 1968 மொழிபெயர்ப்பு சரளமானது. ஏ.சி. கிரஹாமுடையது (1981) ஆழமானது, ஆனால் அவர் பகுதிகளை இடம் மாற்றி அடுக்கியிருக்கிறார். வேறு பதிப்போடு ஒப்பிட்டால் பத்தி காணவில்லையே என்று தேடவேண்டி வரும். பழைய உரையாசிரியர்கள் என்ன சொன்னார்கள் என்று பார்க்க, புரூக் சிப்போரின் என்பவரின் மொழிபெயர்ப்பு உதவும்.

போகர்தான் சீனாவில் தாவோ மரபின் மூல ஆசான் லாவோ ட்சுவாக அறியப்பட்டார், அவர் சீடரே சுவாங்ட்சு என்கிறார்களே?
(வாசகர், பழனி)

சான்று கிடையாது. போகர் பெயரில் வழங்கும் பாடல்களின் தமிழ் மிகப் பிந்திய காலத்தது. சுவாங்ட்சுவோ கி.மு. 4ஆம் நூற்றாண்டுக்காரர், லாவோ ட்சுவை அவர் நேரில் கண்டதாக அந்த நூலிலேயே ஒரு வரி இல்லை. போகரைச் சீனாவோடு இணைக்கும் மரபு நம் சித்தர் இலக்கியத்தில் உண்டு. அதை அந்த மரபாகவே படிக்கலாம்.