ஈஸ்போர்ட்ஸுக்கு ஒரு தலைமை அமைப்பு வேண்டுமா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பதினோரு வருடமாக ஈஸ்போர்ட்ஸ், அதாவது வீடியோ கேம் போட்டிகளில் நடுவராக இருக்கிறேன். முதலில் ஆன்லைன் டோர்னமென்ட்கள், அப்புறம் மேடைப் போட்டிகள். போட்டி கேமிங்கை ஆள்வதற்கு அதிகாரபூர்வமான ஓர் அமைப்பு வந்தால் கேமர்கள் அதை ஆதரிக்கலாமா என்பது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளை மட்டும் ஒன்றாக இணைத்திருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். ஆதரிக்கிறீர்களா, இல்லையா?

ஆதரிக்கிறேன். ஆனால் கொடி, பதக்கம், விருந்து என்று மட்டும் நடத்துகிற அமைப்பை இல்லை. ஓர் ஆட்டக்காரருக்கு அநியாயம் நடந்தால் அவர் போய் முறையிட இன்று ஓர் இடம் கிடையாது. அந்த இடத்தைத் தருகிற அமைப்பு எதுவோ அதற்கு என் ஆதரவு.

கேள்வி: கால்பந்துக்கு ஃபிஃபா இருக்கிறது, செஸ்ஸுக்கு ஃபிடே இருக்கிறது. நமக்கு மட்டும் ஏன் இன்னும் அமையவில்லை?

ஃபிஃபா 1904இல் வந்தது, ஃபிடே 1924இல். கால்பந்தும் செஸ்ஸும் யாருடைய சொத்தும் இல்லை. நாளைக்கே நீங்கள் செஸ் போட்டி நடத்தினால் "குதிரை எங்களுடையது, அனுமதி வாங்கினீர்களா" என்று யாரும் வர முடியாது. நம்முடைய கேம் ஒவ்வொன்றுக்கும் ஒரு முதலாளி இருக்கிறார். சர்வர் அவருடையது, பேட்ச், அதாவது மென்பொருள் மாற்றம் போட்டு விதியை மாற்றுவதும் அவர்தான்.

இது எங்கே போய் முட்டும் என்பதைக் கொரியா முன்பே பார்த்துவிட்டது. அங்கே 2000ஆம் ஆண்டிலேயே அரசு அங்கீகாரத்துடன் கெஸ்பா என்ற சங்கம் தொடங்கியது. ஸ்டார்கிராஃப்ட் போட்டிகளின் ஒளிபரப்பு உரிமையை 2007இல் அது விற்றது. கேமை உருவாக்கிய பிளிசார்ட், எங்கள் பொருளை நீங்கள் எப்படி விற்கலாம் என்று கேட்டது. சண்டை நீதிமன்றம் வரை போய், 2011இல்தான் சமரசம் ஆனது. சங்கத்திடம் வீரர்கள், டீம்கள், அரசின் ஆதரவு எல்லாம் இருந்தும், கேமின் உரிமை கையில் இல்லாததால் தனியாக நிற்க முடியவில்லை. ஆகவே இங்கே எந்த அமைப்பு வந்தாலும் கேமை வெளியிடும் நிறுவனமான பப்ளிஷரின் கையெழுத்து இல்லாமல் அதன் தீர்ப்பு செல்லாது.

இன்னொன்றும் இருக்கிறது. ஈஸ்போர்ட்ஸ் என்பது ஒரு விளையாட்டின் பெயர் இல்லை. இருவர் மோதும் ஃபைட்டிங் கேமுக்கும் டீமாகச் சுடும் கவுன்டர்-ஸ்ட்ரைக்குக்கும் உள்ள தூரம் டென்னிஸுக்கும் ரக்பிக்கும் உள்ள தூரம்தான். எல்லாப் பந்து விளையாட்டுக்கும் சேர்த்து ஒரே விதிப்புத்தகம் எழுத யாரும் முயல்வதில்லை. நாமும் முயலக் கூடாது.

கேள்வி: ஆனால் சர்வதேசக் கூட்டமைப்புகள் ஏற்கெனவே இருக்கின்றனவே?

இருக்கின்றன, ஒன்றுக்கு மேல். கொரியாவில் 2008இல் தொடங்கிய ஐஇஎஸ்எஃப், சிங்கப்பூரில் 2019இல் தொடங்கிய குளோபல் ஈஸ்போர்ட்ஸ் ஃபெடரேஷன். இரண்டும் நாட்டு அணிகளை வைத்துப் போட்டி நடத்துகின்றன, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கவுன்டர்-ஸ்ட்ரைக்கின் மிகப் பெரிய போட்டியான மேஜரிலோ லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் உலகப் போட்டியிலோ ஒரு பிரச்சினை என்றால் இவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. நம் ஆட்டக்காரர்களின் பிழைப்பு பெரும்பாலும் அந்தப் போட்டிகளில்தான் இருக்கிறது.

கேள்வி: பப்ளிஷரே விதி போட்டு நடத்தட்டுமே. கேமைப் பற்றி அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

கேமைப் பற்றி அவர்களுக்குத்தான் அதிகம் தெரியும், ஒத்துக்கொள்கிறேன். நல்ல முடிவுகளும் எடுத்திருக்கிறார்கள். போட்டி நடத்துபவர்களுக்கும் டீம்களுக்கும் இடையே வியாபாரத் தொடர்பு இருக்கக் கூடாது, அழைப்பு தரவரிசைப்படிதான் போக வேண்டும் என்று 2023இல் கவுன்டர்-ஸ்ட்ரைக்கின் பப்ளிஷரான வால்வ் அறிவித்து, 2025 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மூடிய கதவைத் திறந்துவிட்ட முடிவு அது. நான் மனதார வரவேற்றேன்.

ஆனால் திறக்கிற கையே மூடவும் செய்யும். ஹீரோஸ் ஆஃப் தி ஸ்டார்ம் கேமின் தொழில்முறைத் தொடர் அடுத்த ஆண்டு நடக்காது என்று 2018 டிசம்பரில் பிளிசார்ட் அறிவித்தது. அடுத்த சீசனுக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரே நாளில் வேலை போனது. அடுத்த ஆண்டு அதே பிளிசார்டின் ஹார்த்ஸ்டோன் கேமை ஆடும் ஒருவர் பேட்டியில் ஹாங்காங் போராட்டத்துக்கு ஆதரவாக முழக்கமிட்டதற்கு ஓராண்டுத் தடை, பரிசுப் பணமும் பறிப்பு. உலகம் முழுக்க எதிர்ப்பு கிளம்பிய பிறகு தடை ஆறு மாதமாகக் குறைந்தது, பணமும் திரும்பியது. அவர் பேசியது சரியா தவறா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. விதியை எழுதியவர், தீர்ப்புச் சொன்னவர், பணத்தை வைத்திருந்தவர், கடைசியில் தண்டனையைக் குறைத்தவர் எல்லாரும் ஒரே நிறுவனம். கூட்டம் சத்தம் போட்டதால் அவருக்குப் பாதி நியாயம் கிடைத்தது. யாருக்கும் தெரியாத ஆட்டக்காரருக்கு அப்படிச் சத்தம் போட யார் வருவார்கள்?

கேள்வி: மேட்ச் ஃபிக்ஸிங்கைத் தடுக்க இப்படி ஓர் அமைப்பு உதவுமா?

இதுதான் என்னை ஆதரவாளனாக மாற்றிய விஷயம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் 2014 ஆகஸ்டில் ஐபைபவர் டீம் ஒரு ஆட்டத்தை வேண்டுமென்றே தோற்றது. 2015 ஜனவரியில் வால்வ் அந்த டீமின் ஆட்டக்காரர்கள் நால்வரைத் தடை செய்தது. 2017இல் பெரிய போட்டி நடத்தும் ஈஎஸ்எல் தன் மேடைகளில் அந்தத் தடையை நீக்கியது, வால்வ் நீக்கவில்லை. ஆக, அதே ஆட்டக்காரர் ஒரு மேடையில் தண்டனை முடிந்தவர், இன்னொரு மேடையில் குற்றவாளி. 2020இல் வேறொரு நிறுவனத்தின் வெலரன்ட் என்ற கேம் வந்தபோது அவர்களில் சிலர் அங்கே தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஆனார்கள், அங்கே அந்தத் தடையே இல்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, சின்ன வயதில் செய்த தப்பு. எத்தனை வருடத் தண்டனை போதும் என்ற கேள்விக்கு மூன்று இடத்தில் மூன்று பதில் கிடைக்கிறதே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

2020இல் இன்னொன்று நடந்தது. கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் ஒரு பக், அதாவது மென்பொருள் பிழை வழியாகப் பயிற்சியாளர்கள் மேப்பில் பார்க்கக் கூடாத இடத்தைப் பார்க்க முடிந்தது. ஈஸ்போர்ட்ஸ் நேர்மை ஆணையமான ஈசிக் பழைய பதிவுகளைத் தோண்டி 37 பயிற்சியாளர்களைத் தண்டித்தது, தானாக ஒப்புக்கொண்டவர்களுக்குத் தண்டனையைக் குறைத்தது. அடுத்து வால்வ் தன் மேஜர் போட்டிகளுக்குத் தனியாக ஒரு கணக்குப் போட்டு வேறு தண்டனை அறிவித்தது. ஒரே தப்பு, இரண்டு கணக்கு.

இதற்கு எதிர்ப்பக்கம் 2010 கொரியா. ஸ்டார்கிராஃப்டில் சூதாட்டக்காரர்களோடு சேர்ந்து ஆட்டத்தை விட்டுக்கொடுத்ததாக 11 வீரர்களைக் கெஸ்பா நிரந்தரமாக விலக்கியது. அதில் உச்ச நட்சத்திரம் ஒருவரும் இருந்தார். அங்கே தொழில்முறைப் போட்டி முழுவதும் கெஸ்பாவின் கீழ் இருந்ததால், வேறு கதவு வழியாக உள்ளே வர முடியவில்லை. தீர்ப்பு கடுமையானது, ஆனால் எல்லா மேடையிலும் ஒரே தீர்ப்பு.

கேள்வி: ஊக்கமருந்துச் சோதனை?

அவசியம் வேண்டும். கவனக்குறைபாட்டுக் கோளாறுக்கு (ADHD) கொடுக்கிற மாத்திரையை டீம் முழுக்கப் போட்டுக்கொண்டு ஆடினோம் என்று ஒரு வீரர் வெளிப்படையாகச் சொன்ன பிறகுதான், 2015இல் ஈஎஸ்எல் சோதனை தொடங்கியது. சோதனையை ஒரு போட்டி நிறுவனத்தின் விருப்பத்துக்கு விடாமல் பொதுவாக்க வேண்டும்.

கேள்வி: சார், என் மகனுக்கு 16 வயது. ஒரு டீம் மூன்று வருட ஒப்பந்தம் நீட்டுகிறது. இந்த அமைப்பெல்லாம் எங்களைப் போன்ற பெற்றோருக்கு ஏதாவது செய்யுமா?

அம்மா, அமைப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள். கையெழுத்துப் போடுமுன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். நான் முதலில் பார்க்கிற இடங்கள் இவை: ஒப்பந்தம் தானாக நீள்கிறதா, டீம் மட்டும்தான் அதை முறிக்க முடியுமா, மகன் வெளியேற எவ்வளவு கட்ட வேண்டும், அவனைக் கேட்காமல் இன்னொரு டீமுக்கு மாற்ற முடியுமா. பரிசுப் பணம் யார் கணக்குக்குப் போய், எத்தனை நாளில் கைக்கு வரும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ச்சொல்லாக ஒன்றையும் ஏற்காதீர்கள்.

உங்கள் பயம் வீண் பயம் இல்லை. கொரியாவில் 2019இல், வயது நிரம்பாத லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் வீரர் ஒருவரை வெளிநாட்டு டீமுக்கு நீண்ட ஒப்பந்தத்தில் அழுத்தம் கொடுத்து மாற்றியதாகப் புகார் வெடித்தது. அதை வெளியே சொன்ன பயிற்சியாளருக்கே முதலில் தடை விழுந்தது. மக்கள் கொதித்து, விஷயம் நாடாளுமன்றம் வரை போய், 2020இல் மாதிரி ஒப்பந்தம் கொண்டுவரச் சட்டம் திருத்தப்பட்டது. பிரான்ஸில் 2016 சட்டம் தொழில்முறை கேமர்களின் ஒப்பந்தத்துக்குக் குறைந்தது 12 மாதம், அதிகபட்சம் 5 வருடம் என்று வரம்பு வைத்தது.

ஒரு நல்ல தலைமை அமைப்பு முதல் வேலையாக இதைத்தான் செய்ய வேண்டும் என்பேன். சிறுவர்களுக்கான மாதிரி ஒப்பந்தம் ஒன்றை வெளியிட்டு, அதைவிட மோசமானதில் கையெழுத்து வாங்கும் டீமைப் போட்டியில் சேர்க்கக் கூடாது.

கேள்வி: நாங்கள் நாற்பது பேர் மாதம் ஒருமுறை கூடி ஃபைட்டிங் கேம் டோர்னமென்ட் நடத்துகிறோம். உரிமம், கட்டணம் என்று வந்து எங்கள் கழுத்தை நெரிக்க மாட்டார்களா?

இந்தப் பயம் எனக்கும் உண்டு. நாற்பது பேர் கூட்டத்திடம் உரிமம் கேட்கிற அமைப்பு வந்தால் உங்களோடு நானும் எதிர்த்து நிற்பேன்.

ஆனால் அமைப்பு இல்லாத இன்றைக்கு நீங்கள் சுதந்திரமாக இருக்கிறீர்களா என்று பாருங்கள். நின்டெண்டோ 2023இல் வெளியிட்ட விதிப்படி, தனி உரிமம் இல்லாமல் நடத்தும் நேரடிப் போட்டியில் 200 பேருக்கு மேல் கூடாது, ஆன்லைனில் 300 பேருக்கு மேல் கூடாது. அதற்கு முன் 2020இல், அந்த நிறுவனத்தின் ஸ்மாஷ் மெலி கேமை ஆடுபவர்கள் ஆன்லைனில் நடத்தவிருந்த ஒரு பெரிய டோர்னமென்ட், மாற்றப்பட்ட மென்பொருளைப் பயன்படுத்துகிறது என்று நிறுவனம் சொன்னதால் நின்றுபோனது. உங்களுக்காகப் பேச அங்கே யாரும் இல்லை. சின்னப் போட்டிகளை விட்டுவிடுங்கள் என்று பப்ளிஷர்களிடம் பேரம் பேசுகிற ஒருவர் உங்களுக்கும் தேவை.

கேள்வி: ஒலிம்பிக்ஸில் சேர வேண்டுமானால் அமைப்பு கட்டாயம் என்கிறார்களே?

அதற்காக மட்டும் அமைப்பு வேண்டாம். ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஈஸ்போர்ட்ஸ் 2018இல் காட்சிப் போட்டியாக வந்தது, 2023இல் ஹாங்சோவில் பதக்கப் போட்டியானது. மகிழ்ச்சிதான். ஒலிம்பிக் ஈஸ்போர்ட்ஸ் போட்டிகள் சவூதி அரேபியாவில் நடக்கும் என்று 2024இல் அறிவித்தார்கள், 2025 அக்டோபரில் அந்த ஒப்பந்தமே முடிந்துபோனது. நம் ஆட்டக்காரர்களின் உரிமையை அந்த ஒரு கொக்கியில் மாட்டி வைத்திருந்தால் அதுவும் சேர்ந்து விழுந்திருக்கும்.

கேள்வி: அமைப்பு எதற்கு? வீரர்கள் சங்கம் போதாதா?

சங்கம் இல்லாத அமைப்பு எனக்கு வேண்டவே வேண்டாம். 2023இல் வட அமெரிக்க லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் வீரர்கள் வாக்கெடுப்பு நடத்தி வெளிநடப்பு செய்தார்கள், சீசன் இரண்டு வாரம் தள்ளிப்போனது. ஆட்டக்காரர் இல்லாமல் ஆட்டம் இல்லை என்பது அப்போது எல்லாருக்கும் உறைத்தது. ஆனால் சங்கம் தன் உறுப்பினருக்காக வாதாடுகிற இடம். அதே சங்கத்தை நீதிபதியாகவும் உட்கார வைக்க முடியாது. வாதாடுபவர் ஒருவர், தீர்ப்புச் சொல்பவர் வேறொருவர் என்று இருக்க வேண்டும்.

கேள்வி: தீர்ப்பு, மேல்முறையீடு என்றே திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள். ஏன் இவ்வளவு அழுத்தம்?

நான் செய்த ஒரு தவறுதான் காரணம். நடுவராகி மூன்றாவது வருடம், ஒரு ஆன்லைன் போட்டியில் பையன் ஒருவனைச் சீட்டர் என்று வெளியேற்றினேன். மென்பொருள் எச்சரிக்கை காட்டியது, பதிவிலும் சந்தேகமாகத் தெரிந்தது, அரையிறுதி தொடங்க இருபது நிமிடம்தான் இருந்தது. இரண்டு மாதம் கழித்து அந்த எச்சரிக்கையே பிழை என்று தெரியவந்தது. நான் எழுதிக் கொடுத்தேன், அந்தப் போட்டியின் தடை நீங்கியது. ஆனால் அதற்குள் அவன் பெயர் வேறு நான்கு போட்டிக்காரர்களின் பட்டியலுக்குப் போயிருந்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதினேன். இரண்டு பேர் பதிலே போடவில்லை. கடைசிப் பட்டியலிலிருந்து பெயர் போக ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் அவன் ஆடுவதையே விட்டுவிட்டான். ஒரே ஓர் இடம் இருந்திருந்தால் ஒரே ஒரு கடிதம் போதுமாக இருந்திருக்கும்.

கேள்வி: நாளைக்கே ஓர் அமைப்பு வந்து உறுப்பினராகச் சேரச் சொன்னால், நல்லதா போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

"நீங்கள் என்னைத் தடை செய்தால், உங்களைச் சேராத யாரிடம் நான் முறையிடலாம்?" என்று கேளுங்கள். எழுத்தில் பதில் வாங்குங்கள். அப்புறம் நிர்வாகக் குழுவில் ஆட்டக்காரர்கள் தேர்ந்தெடுத்தவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு வாக்கு உண்டா, சும்மா ஆலோசனை மட்டும்தானா என்று பாருங்கள். எந்தெந்த பப்ளிஷர் அதன் தீர்ப்பை ஏற்பதாகக் கையெழுத்திட்டிருக்கிறார் என்ற பட்டியலையும் கேளுங்கள். முதல் கேள்விக்கு மழுப்பினால் பணம் கட்டாதீர்கள். மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் எனக்கும் சொல்லுங்கள், நானும் சேருகிறேன்.