மாங்கூழ் கார்பன் சான்றை உங்களிடம் கூழ் வாங்கும் ஜெர்மனிக்காரர் ஏன் திருப்பினார்?

சான்று போலி இல்லை, கேட்டது வேறு. நீங்கள் அனுப்பிய ஐஎஸ்ஓ 14064-1 உங்கள் கிருஷ்ணகிரி ஆலை மொத்தத்தின் கார்பன் உமிழ்வுக்கானது. அவர் கேட்பது கூழுக்கு மட்டும், அது ஐஎஸ்ஓ 14067, தனி ஒரு பொருளின் கார்பன் கணக்குக்கான தரநிலை.

சான்றை எடுத்துப் பாருங்கள். 'ஒரு கிலோ பெங்களூரா (மாம்பழ ரகம்) கூழுக்கு இவ்வளவு' என்று இருக்கிறதா? 'வருடத்துக்கு இத்தனை டன்' என்றிருந்தால் அது ஆலைக்கான சான்றுதான், சந்தேகமே வேண்டாம்.

புதுக் கணக்கில் தோப்புக்குப் போட்ட யூரியா, பாய்லர் விறகு, தகர டின் எல்லாம் வர வேண்டும். நாங்கள் முதல் தடவை டின்னைக் கோட்டைவிட்டோம்.

கணக்குப் போட்ட ஆலோசகரே சரிபார்த்தால் செல்லாது. சரிபார்ப்பவரின் ஐஎஸ்ஓ 14065 (சரிபார்ப்பு நிறுவனங்களுக்கான தரநிலை) அங்கீகாரத்தில் 14067-ம் அடக்கமா என்று கேளுங்கள். இந்தியாவில் அந்த அங்கீகாரத்தைத் தருவது என்ஏபிசிபி என்ற வாரியம். ஆனால் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் அந்த ஜெர்மனிக்காரருக்கு ஒரு மெயில் போட்டு, யாருடைய சான்றை ஏற்பார் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.