கிளிங்கான் மொழியைக் கற்பதால் என்ன பயன்?

ஸ்டார் டிரெக் என்னும் அறிவியல் புனைகதையில் வேற்றுக்கிரக இனம் ஒன்று பேசும் மொழியான, எந்த நாட்டிலும் தாய்மொழியாக இல்லாத கிளிங்கானைக் கற்பதன் முதன்மையான பயன், நம் சொந்த மொழியின் அமைப்பு தெளிவாகப் புலப்படுவதே என்பேன். 1984-இல் வெளியான ஸ்டார் டிரெக் திரைப்படத்துக்காக இம்மொழியை விரிவாக உருவாக்கிய மொழியியலாளர் மார்க் ஓக்ராண்ட், மனித மொழிகளில் மிக அரிதாகவே காணப்படும் 'செயப்படுபொருள், வினை, எழுவாய்' என்னும் வரிசையை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார். 'சிறுவன் நாயைக் கண்டான்' என்பது அங்கே 'நாய் கண்டான் சிறுவன்' என்றாகும். நமக்கு 'ஐ' உருபு செய்துதரும் வேலையை அங்கே சொல்லின் இடமே செய்கிறது என்பதை, அவ்வாறு நாமே வாக்கியம் அமைக்கும்போதுதான் உண்மையில் உணர்கிறோம். 'பாடம்' என்ற சொல்லில் நாவை வளைத்து ஒலிக்கும் 'ட' போன்ற வளைநா ஒலியும், வினையின் பின்னே அடுக்கடுக்காக ஒட்டுகள் சேரும் முறையும் கிளிங்கானில் உண்டு. ஆங்கிலேயர் தடுமாறும் இவ்விடங்களைத் தமிழர் எளிதில் கடந்துவிடலாம். 1985-இல் வெளியான அதன் அகராதியிலேயே இலக்கணமும் அடங்கியிருப்பதால், தொடங்குவதற்கு வேறு நூல் தேவையில்லை.