கடற்போரை வைத்து எழுதிய மாற்று வரலாற்று நாவலைத் தமிழில் யார் வெளியிடுவார்கள்? எப்படி விற்பது?

"கடற்போரை மையமாக வைத்து மாற்று வரலாற்று நாவல் ஒன்றை எழுதி முடித்திருக்கிறேன். யார் வெளியிடுவார்கள், எப்படி வாசகரிடம் கொண்டுசேர்ப்பது? கடற்கரையில் பிறக்காதவன் எழுதியதை யாராவது மதிப்பார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். அதே கேள்வியை என் முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறார்கள், அதுவும் கைப்பிரதியின் முதல் பக்கத்தைக்கூடப் புரட்டாமல். நான் பிறந்தது ஆற்காடு. வேலை ராணிப்பேட்டையில், ஒரு காலணித் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் காஞ்சிபுரம், செங்கல்பட்டு எல்லாம் தாண்டிப் போக வேண்டும். இருந்தும் எழுதினேன், வெளியிட்டேன், விற்றும் காட்டினேன். லட்சக்கணக்கில் விற்றதாகச் சொல்ல வரவில்லை. போட்ட பணம் திரும்ப வந்தது, இரண்டாம் அச்சு போயிருக்கிறது. கடற்போர் நாவலுக்குத் தமிழில் இது சிறிய காரியம் இல்லை என்பது என் எண்ணம்.

கதை என்னவென்று சொன்னால்தான் மற்றது விளங்கும். பாலாறு வயலூருக்கு அருகே கடலில் கலக்கிறது. அதற்குச் சற்று வடக்கே சதுரங்கப்பட்டினம். அந்தக் கரைக்கு அப்பால் 1782 பிப்ரவரி 17 அன்று பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரனும் ஆங்கிலேயத் தலைவர் எட்வர்ட் ஹியூஸும் மோதினார்கள். சுஃப்ரனிடம் 12 போர்க்கப்பல்கள், ஹியூஸிடம் 9. சுஃப்ரன் எதிரியின் பின்வரிசையை இரு பக்கமும் நெருக்கி நசுக்கத் திட்டமிட்டார். அவருடைய கேப்டன்களில் பலர் நெருங்கியே வரவில்லை, தூரத்திலிருந்து சுட்டுக்கொண்டிருந்தார்கள். மாலையில் காற்று திசை மாறியது, இருட்டியது, ஹியூஸ் தப்பினார். அடுத்த ஒன்றரை ஆண்டுக்குள் இலங்கையின் கிழக்குக் கரை, நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர் என்று மேலும் நான்கு போர்கள். ஐந்திலும் எந்தத் தரப்புப் போர்க்கப்பலும் மூழ்கடிக்கப்படவில்லை, பிடிபடவுமில்லை.

அந்த நாளில் ஆற்காடு, பிரெஞ்சுக்காரர்களின் கூட்டாளியான மைசூர் ஹைதர் அலியின் கையில் இருந்தது. வேலூர்க் கோட்டை மட்டும் ஆங்கிலேயரிடம் இருந்தது. சுற்றிலும் மைசூர்ப் படை. ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் அவ்வப்போது படையோடு வந்து சேர்த்த தானியத்தில்தான் கோட்டை உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. சென்னையிலோ பஞ்சம். அரிசி வங்காளத்திலிருந்து கடல் வழியாக வந்தாக வேண்டும். என் நாவல் ஒன்றே ஒன்றை மாற்றுகிறது: விலகி நின்ற கேப்டன்கள் அன்று நெருங்கி வருகிறார்கள். ஹியூஸின் கப்பற்படை இல்லாமல் போகிறது. அரிசிக் கப்பலுக்குக் காவல் இல்லை. சென்னை பட்டினி கிடக்கிறது, வேலூருக்குத் தானியம் அனுப்ப ஆள் இல்லை, கோட்டை திறக்கிறது.

இந்த இடத்தில் ஒரு விளக்கம். "ஹைதரைத் தூக்கிப் பிடிக்கிறாய்" என்று சொல்பவர்கள் வருவார்கள், எனக்கும் வந்தார்கள். 1780இல் அவருடைய குதிரைப்படை எங்கள் மாவட்டத்துக் கிராமங்களை எரித்துக்கொண்டு போனதற்கு நாவலில் ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. அதோடு, என் கதையிலும் ஹைதர் 1782 டிசம்பர் 7 அன்று சித்தூருக்குப் பக்கத்தில் நரசிங்கராயன்பேட்டையில் முகாமிலேயே இறக்கிறார். அவர் இறந்தது ராஜபிளவையால். சதுரங்கப்பட்டினத்தில் பீரங்கி வேறு மாதிரி வெடித்தால் முதுகில் வந்த கட்டி ஆறிவிடுமா? மாற்று வரலாறு எழுதுகிறவனுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லையென்றால் அது வெறும் ஆசைக் கனவு. நீங்கள் மாற்றியது ஒன்றா பத்தா என்று எண்ணிப் பாருங்கள். பத்து என்றால் பதிப்பாளரைத் தேடும் முன் ஒன்பதை வெட்டிவிடுங்கள்.

இனி பதிப்பாளர் விஷயம். எல்லாப் பதிப்பாளரையும் சொல்லவில்லை. நல்லவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் காகித விலை, கிடங்கு வாடகை, வசூலாகாத பாக்கி என்று ஆயிரம் தொல்லை. ஆனால் நான் போய் நின்ற இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சென்னையில் ஒரு பதிப்பகம் கைப்பிரதியை வாங்கி மாதக்கணக்கில் வைத்திருந்தது. நேரில் போனபோது பொறுப்பில் இருந்தவர், "சார், வேலூரில் ஏது கடல்?" என்றார். பிறகு மேசையில் இருந்த வேறொரு நாவலின் அட்டையைத் திருப்பிக் காட்டினார்: புலிக்கொடி, பாய்மரம், கப்பல் முனையில் ஒரு இளவரசி. "இதை ராஜேந்திர சோழன் காலத்துக்கு மாற்றிவிடுங்கள், ஒரு பெண் பாத்திரத்தைச் சேருங்கள், போட்டுவிடலாம்." சோழர் கடற்படை மீது எனக்குக் குறைவான மதிப்பு இல்லை. ஆனால் ஒவ்வொன்றிலும் 74 பீரங்கி வரை ஏற்றிய கப்பல்களின் போரைத் தூக்கிப் பதினோராம் நூற்றாண்டில் எப்படி வைப்பது? அவருக்குக் கடல் என்றால் அட்டைப்படம், அவ்வளவுதான். இன்னொரு இடத்தில் உடனே சரி என்றார்கள். முழுச் செலவும் என்னுடையது, பிரதிகளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், விற்பது என் பாடு. அச்சகம் செய்யும் வேலைக்கு எதற்குப் பதிப்பகத்தின் பெயர்?

நானே வெளியிட்டேன். நீங்களும் அதற்குத் தயாராக இருங்கள். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்குப் புது தில்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையிடம் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், எழுத்தாளரே தன் பெயரில் வாங்கலாம், கட்டணம் கிடையாது. இதற்குப் பணம் கேட்கும் இடைத்தரகரை நம்பாதீர்கள். கொஞ்சம் பிரதிகள் போதுமென்றால் டிஜிட்டல் அச்சு. ஐந்நூறுக்கு மேல் என்றால் ஆஃப்செட்டில் பிரதிக்கு ஆகும் செலவு குறையும். பக்கங்கள் பதினாறு பதினாறாக, ஃபாரம் கணக்கில் முடிகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் வெற்றுத்தாளுக்குப் பணம் கொடுப்பீர்கள். என் நாவலில் கடைசி ஃபாரத்தில் மிஞ்சிய பக்கங்களில் வரைபடங்களைச் சேர்த்தேன். கடற்போர் நாவலுக்கு வரைபடம் கட்டாயம் வேண்டும். காற்று எங்கிருந்து வீசுகிறது, யார் மேல்காற்றில், அதாவது காற்று வரும் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று அம்புக்குறி போட்டுக் காட்டாவிட்டால் எவ்வளவு நன்றாக எழுதினாலும் வாசகர் நாலாவது பக்கத்தில் வழி தவறிவிடுவார். புத்தகக் கடைகளுக்கு விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கழிவு போய்விடும். விலை வைக்கும்போதே அதை மனதில் வையுங்கள். மின்னூலும் போடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் அதில்தான் வாங்குகிறார்கள்.

விற்பனையில் நான் கண்டதுதான் இந்தப் பதிலில் முக்கியமானது. "மாற்று வரலாறு" என்று சொன்னால் யாரும் நிற்கவில்லை. "கடற்போர்" என்றாலும் நிற்கவில்லை. வேலூர் புத்தகத் திருவிழாவில் ஒரு நண்பரின் அரங்கில் ஓரமாக இடம் கிடைத்தது. "பாலாறு கடலில் கலக்கும் இடத்தில் நடந்த போர்" என்று பெரிய எழுத்தில் ஒரு தட்டி எழுதி, கீழே ஆற்றின் வரைபடம் ஒட்டினேன். வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு என்று ஊர்ப் பெயர்கள் வரிசையாக இருந்தன, கடைசியில் கடலில் சிறிய கப்பல்கள். வந்தவர்கள் முதலில் தங்கள் ஊரைத் தேடினார்கள். விரல் அங்கிருந்து ஆற்றோடு கீழே இறங்கிக் கடலில் போய் நின்றது. "இங்கே போரா? எப்போது?" என்று கேட்டவர் கையில் புத்தகத்தைக் கொடுத்தால் போதும். பள்ளிக்கொண்டாவிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, பேரனுக்கு ஆற்றைக் காட்டத்தான் நின்றார், வாங்கிக்கொண்டுதான் போனார். சரித்திர நாவல் வாசகர்களுக்காக முகநூலில் காசு கட்டிச் செய்த விளம்பரம் இதில் கால்வாசி பலன்கூடத் தரவில்லை. உங்கள் கதையில் வரும் ஊர்க்காரர்கள்தான் உங்கள் முதல் வாசகர்கள்.

வெளியீட்டுக் கூட்டத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் எழுந்தார். "தம்பி, 1782இல் மைசூர் ஜெயித்தால் திப்புவின் பிள்ளைகள் வேலூர்க் கோட்டையில் கைதியாக வந்திருக்க மாட்டார்கள். அப்படியானால் 1806 ஜூலை 10 வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சி ஏது? எங்கள் சிப்பாய்களின் ரத்தத்தை நாவலுக்காக அழித்துவிட்டாயா?" என்றார். குரல் நடுங்கியது. கூட்டம் அமைதியாகிவிட்டது. "ஐயா, நீங்கள் சொல்வது சரி, என் கதையில் அந்தப் புரட்சி நடக்காது. அதனால்தான் பின்னுரையில் எது நடந்தது, எதை நான் மாற்றினேன் என்று தேதியோடு எழுதியிருக்கிறேன், 1806க்கும் அதில் இடம் இருக்கிறது" என்று பின்னுரையைப் பிரித்து அவரிடமே கொடுத்தேன். நின்றபடியே படித்தார். பிறகு மைக்கை வாங்கி அந்தப் பக்கங்களைக் கூட்டத்துக்கு வாசித்துக் காட்டினார். அன்று விற்ற பிரதிகளுக்கு அவர்தான் காரணம். அந்தப் பின்னுரையைத்தான் "கதையின் சுவை போய்விடும்" என்று என் நண்பர்கள் எடுக்கச் சொன்னார்கள். எடுக்காதீர்கள். நம் ஊரில் வரலாறு என்பது உறவினர் மாதிரி. அவரைப் பற்றிக் கற்பனை செய்யலாம், ஆனால் கற்பனை என்று அறிவித்துவிட்டுச் செய்ய வேண்டும்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாததுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஆற்காடு என்றால் இன்று வெளியூர்க்காரர்கள் கேட்பது இரண்டு: பிரியாணி எந்தக் கடையில் நன்றாக இருக்கும், மக்கன் பேடா எங்கே கிடைக்கும். நவாபுகளின் தலைநகரம், 1751இல் கிளைவ் முற்றுகைக்குள் இருந்த ஊர், பிறகு ஹைதர் பிடித்த ஊர். கோட்டையில் மிச்சமிருப்பது பாலாற்றங்கரையில் ஒரு டெல்லி கேட். அதைப் பார்க்க வருகிறவர்கள் எத்தனை பேர்? மாவட்டத்தின் பெயராவது ஊரைச் சொல்லிக்கொண்டிருந்தது. 1989இல் வட ஆற்காட்டைப் பிரித்தார்கள், பிறகு வேலூர் மாவட்டம் என்றார்கள், 2019இல் அதையும் மூன்றாக்கினார்கள். நிர்வாக வசதிக்கு நான் எதிரி இல்லை. ராணிப்பேட்டை மாவட்டத் தலைநகர் ஆனதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு பெயர் போனால் அதோடு சேர்ந்து எவ்வளவு போகிறது என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. புத்தகத் திருவிழாவில் கல்லூரி மாணவர்கள், "வட ஆற்காடு என்றால் எந்த ஊர்?" என்று என்னிடம் கேட்டார்கள். ஆற்காட்டில் பிறந்தவன் காதில் அது எப்படி விழும்?

கடற்கரையில் பிறக்காதவன் என்ற உங்கள் வருத்தத்துக்கு வருகிறேன். போர் நடந்த கரைக்குப் போங்கள். நான் சதுரங்கப்பட்டினத்துக்குப் பலமுறை போனேன். டச்சுக்காரர்களின் செங்கல் கோட்டை அங்கே இருக்கிறது, உள்ளே செதுக்கிய கல்லறைகள். அதற்குக் கீழே கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் போர் அத்தியாயத்தை வாசித்துக் காட்டினேன். பீரங்கி, கொடி, கேப்டன் எதையும் அவர் பொருட்படுத்தவில்லை. "மாசியில் விடியற்காலையில் கரைக்காற்று. வெயில் ஏறினால் சற்று நேரம் செத்த மாதிரி இருக்கும், அப்புறம் கடல் பக்கமிருந்து வரும். உங்கள் கப்பல் அந்தச் செத்த நேரத்தில் என்ன செய்தது?" என்றார். அந்தக் கேள்வியிலிருந்து புதிதாக ஒரு காட்சி எழுதினேன்: பாய் தொங்கிக்கிடக்க, இரு தரப்பும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி காற்றுக்காகக் காத்திருப்பது. வாசகர்கள் கடிதத்தில் அதிகம் சொன்னது அந்தக் காட்சியைத்தான். கடற்கரையில் பிறந்த எழுத்தாளரும் அந்தப் பெரியவரிடம் போய்த்தான் கேட்க வேண்டும். அவர் காலத்திலும் 74 பீரங்கிக் கப்பல் இல்லையே.

நீங்கள் எழுதியிருப்பது ராஜேந்திரனின் 1025 கடாரப் படையெடுப்பாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன், தமிழில் கடற்போர் என்றால் பெரும்பாலும் அதுதான். அப்படியானால் நாகப்பட்டினத்திலிருந்து தொடங்குங்கள். கடாரத்தை ஆண்ட ஸ்ரீவிஜய அரசன் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்தைக் கட்டிய ஊர் அது, ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்தான், பிறகு அவன் மகனே அந்த நாட்டின் மீது கப்பல் அனுப்பினான். அந்த ஊர்க்காரருக்கு இதைவிட வேறென்ன அறிமுகம் வேண்டும்? அங்கே நூலகத்திலோ பள்ளியிலோ ஒரு கூட்டத்துக்கு இடம் கேளுங்கள். புத்தகம் அச்சாகும் முன்பே, விகாரத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள், நாவலைப் பற்றிக் கடைசியில் இரண்டு வரி போதும். வந்தவர்களின் தொலைபேசி எண்களை ஒரு நோட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை பிரதி அச்சடிப்பது என்பதை அந்த நோட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.