டிப்ஸ்டிக் இல்லாத ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ்: ஆயில் அளவும் பராமரிப்பும் (கேள்வி பதில்)

ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் பற்றி நண்பர்கள் அனுப்பியிருந்த கேள்விகளில், டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) இல்லாத வண்டிகளைப் பற்றியவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். இந்த வேலையில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை ஆயிலின் வெப்பநிலையைக் கவனிக்காததால் வருபவை. ஆகவே பல பதில்களில் அதே பேச்சு திரும்பத் திரும்ப வரும்.

கேள்வி: எங்கள் பழைய காரில் இன்ஜினுக்கு ஒன்று, கியர் பாக்ஸுக்கு ஒன்று என இரண்டு டிப்ஸ்டிக் இருந்தன. புதிய காரில் கியர் பாக்ஸுக்கு எதுவுமே இல்லை. ஆயில் குறைந்தால் எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: இன்ஜின் ஆயிலில் ஒரு சிறு பகுதி பிஸ்டன் வளையங்களைத் தாண்டிச் சென்று எரிந்துபோவது இயல்பு. கியர் பாக்ஸில் இருக்கும் ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கான ஆயில்) அப்படி எரிவதில்லை. அதன் அளவு குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்றே பொருள். எனவே அளவை அடிக்கடி பார்க்க வேண்டிய தேவை இல்லை என்பதும், மூடியைத் திறக்கத் திறக்கத் தூசும் பொருந்தாத ஆயிலும் உள்ளே போகின்றன என்பதும் தயாரிப்பாளர்களின் வாதம். அதில் நியாயம் உண்டு. அளவுக்கு மீறி ஊற்றிவிட்டால் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரைக்க வைக்கும். நுரை கலந்த ஆயிலால் உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகளை இறுக்கிப் பிடிக்கத் தேவையான அழுத்தத்தைத் தர முடியாது.

நீங்கள் செய்ய வேண்டியது கசிவைத் தேடுவது. ஒவ்வொரு சர்வீஸிலும் வண்டியைத் தூக்கியிருக்கும்போது ஆயில் பேன் (கியர் பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டு) ஓரம், ஆயிலைக் குளிர்விக்கும் கூலருக்குப் போகும் குழாய்களின் இணைப்புகள், டிரைவ் ஷாஃப்ட் நுழையும் இடத்திலுள்ள ஆயில் சீல் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். ரிவர்ஸ் போட்டபின் வண்டி நகரத் தாமதிப்பதும், கியர் மாறும்போது இன்ஜின் வேகம் மட்டும் ஏறி வண்டி இழுக்காமல் இருப்பதும் ஆயில் குறைவின் அடையாளங்களாக இருக்கலாம். அப்படித் தெரிந்தபின் வண்டியைத் தொடர்ந்து ஓட்ட வேண்டாம்.

கேள்வி: டிப்ஸ்டிக் இல்லாமல் மெக்கானிக் அளவை எப்படிப் பார்க்கிறார்? முறையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

பதில்: டொயோட்டாவின் பல கார்களிலும், ஃபோக்ஸ்வாகன் பயன்படுத்திய ஐசின் நிறுவனத்தின் 09ஜி என்ற ஆறு வேக கியர் பாக்ஸிலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். ஆயில் பேனின் அடியில் ஒரு பிளக் இருக்கும். அதற்கு நேர் மேலே, பேனுக்குள், சிறிய பிளாஸ்டிக் குழாய் ஒன்று நின்றுகொண்டிருக்கும். அந்தக் குழாயின் மேல் விளிம்புதான் சரியான அளவு. பிளக்கைக் கழற்றினால் விளிம்புக்கு மேல் உள்ள ஆயில் வழிந்துவிடும், அதற்குக் கீழே உள்ளது தங்கிவிடும். முதலில் குழாய்க்குள்ளேயே தேங்கியிருந்த சிறிதளவு ஆயில் கொட்டும். அதை வைத்து முடிவு செய்யக் கூடாது. அதன்பின் ஒன்றும் வராவிட்டால் ஆயில் குறைவு. தாரையாகக் கொட்டினால் அதிகம். அது மெலிந்து சொட்டுச் சொட்டாக விழும் நிலைக்கு வரும் வரை காத்திருந்து பிளக்கை மூட வேண்டும்.

இது சரியாக அமைய மூன்று நிபந்தனைகள் உண்டு. வண்டி நான்கு சக்கரத்திலும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். முன்பக்கம் மட்டும் தூக்கிய வண்டியில் பார்க்கும் அளவு பொய்யான அளவு. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஏனெனில் பம்ப் சுழலும்போதுதான் டார்க் கன்வெர்ட்டரும் (இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாக கியர் பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) உள் வழிகளும் நிரம்பி, பேனில் மிஞ்சும் ஆயில் உண்மையான மட்டத்துக்கு வரும். அதற்கு முன் பிரேக்கை அழுத்தியபடி கியர் லீவரை பி-யிலிருந்து (பார்க்கிங் நிலை) கடைசி நிலை வரை மெதுவாக நகர்த்தி மீண்டும் பி-க்குக் கொண்டுவர வேண்டும். மூன்றாவது, ஆயிலின் வெப்பநிலை அந்த கியர் பாக்ஸுக்குக் குறித்த எல்லைக்குள் இருக்க வேண்டும். 09ஜி-க்கு அது 35 முதல் 45 டிகிரி செல்சியஸ். மற்றவற்றுக்கு எண்கள் மாறும் என்பதால் உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் உள்ளதை மட்டுமே பின்பற்றுங்கள்.

கேள்வி: மே மாதம், மதிய நேரம். வண்டியை ஓட்டிக்கொண்டு போய் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். உடனே லிஃப்டில் ஏற்றி, பிளக்கைத் திறந்து, வழிந்தது போதும் என்று மூடிவிட்டார்கள். அன்று முதல் காலையில் முதல் கியர் பிடிக்கத் தாமதமாகிறது. காரணம் என்ன?

பதில்: ஆயில் குறைந்துபோயிருக்க வாய்ப்பு அதிகம். சூடேறினால் ஆயில் விரியும். 8 லிட்டர் ஆயில் 50 டிகிரி கூடுதலாகச் சூடாகும்போது கால் லிட்டருக்கும் மேல் பெருகிவிடும். நீங்கள் நெடுந்தூரம் ஓட்டி வந்த வண்டியில் ஆயில் 80, 90 டிகிரியில் இருந்திருக்கும். அந்த விரிந்த நிலையில் வழியவிட்டு மூடினால், இரவில் குளிர்ந்தபின் மட்டம் விளிம்புக்குக் கீழே போய்விடும். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: எல்லைக்குக் குறைந்த வெப்பநிலையில் பார்த்தால் வழிய வேண்டியது வழியாது, குறைவு என்று எண்ணிக் கூடுதலாக ஊற்றிவிடுவார்கள்.

நம் ஊர்க் கோடையில் இது தனிச் சிக்கல். நிழலில் நிற்கும் வண்டியே மதியத்தில் 38 டிகிரியில் இருக்கும்போது, 45 டிகிரிக்குள் வேலையை முடிக்கச் சில நிமிடங்களே கிடைக்கும். ஆகவே வண்டியை முந்தைய நாளே ஒர்க்‌ஷாப்பில் விட்டு, இரவு முழுவதும் ஆறவைத்து, விடியற்காலையில் முதல் வேலையாக இதைச் செய்யச் சொல்லுங்கள். சிலர் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டாம். இப்போதைக்கு ஸ்கேனர் (காரின் கம்ப்யூட்டர் தரும் அளவுகளைக் காட்டும் கருவி) வைத்திருக்கும் இடத்தில் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே மறுபடி அளவெடுக்கச் சொல்லுங்கள். பேனின் வெளிப்புறத்தில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டிப் பார்ப்பது போதாது. அது உலோகத்தின் மேற்பரப்பைத்தான் அளக்கிறது, பளபளப்பான பரப்பில் அதுவும் தவறாகக் காட்டும்.

கேள்வி: என்னுடையது டொயோட்டா. ஸ்கேனர் இல்லாமலேயே வெப்பநிலையை அறிய வழி உண்டு என்கிறார்களே?

பதில்: பல டொயோட்டா மாடல்களில் உண்டு. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள, ஸ்கேனரைச் செருகும் ஓ.பி.டி. இணைப்பில் 4-ஆம் எண் முனையையும் 13-ஆம் எண் முனையையும் ஒரு சிறு கம்பியால் இணைத்து, இன்ஜினை ஓட விட்டு, பிரேக்கை அழுத்தியபடி லீவரை என்-னுக்கும் (நியூட்ரல்) டி-க்கும் (டிரைவ்) இடையே ஒன்றரை விநாடிக்கு ஒருமுறை என ஆறு விநாடிக்கு மேல் மாற்றிக்கொண்டிருந்தால், மீட்டரில் டி விளக்கு இரண்டு விநாடி எரிந்து காட்டும். வெப்பநிலை அறியும் நிலைக்குக் கார் வந்துவிட்டது என்பதற்கு அதுவே குறி. லீவரை பி-க்குக் கொண்டுவந்து, கம்பியை எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் ஐடில் வேகம் (வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம்) சரியாக இருக்காது. இதன்பின் டி விளக்கு அணைந்திருந்தால் ஆயில் இன்னும் சூடாக வேண்டும். நிலையாக எரிந்தால் அளவு பார்க்கலாம். விட்டு விட்டு எரிந்தால் சூடு எல்லையைத் தாண்டிவிட்டது, நிறுத்தி ஆறவைக்க வேண்டும். ஏசி அணைந்திருக்கட்டும். முனைகளை எண்ணும்போது மிகுந்த கவனம் தேவை, ஏனெனில் 16-ஆம் முனையில் எப்போதும் பேட்டரி மின்சாரம் இருக்கும்.

கேள்வி: "ஆயுள் முழுவதும் மாற்றத் தேவையில்லை" என்று கையேட்டில் இருக்கிறது. பிறகு ஏன் மாற்ற வேண்டும்?

பதில்: அந்த வாசகத்தை நான் ஏற்பதில்லை. பி.எம்.டபிள்யூ. உட்படப் பல கார்களுக்கு கியர் பாக்ஸ் செய்து தரும் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனமே, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது அதிகபட்சம் எட்டு ஆண்டுகளுக்குள் ஆயிலை மாற்றும்படி பரிந்துரைத்திருக்கிறது. செய்தவர்களே மாற்றச் சொல்லும்போது நாம் ஏன் தயங்க வேண்டும்? நகர நெரிசலிலும் மலைப்பாதையிலும் அதிகம் ஓடும் வண்டிக்கு நான் 60,000 கிலோமீட்டரைச் சொல்வேன். இசட்.எஃப்.பின் ஆறு வேக கியர் பெட்டியில் பிளாஸ்டிக் ஆயில் பேனும் ஃபில்டரும் ஒரே பாகமாக இருக்கும். ஃபில்டரை மாற்ற வேண்டுமென்றால் பேனையே மாற்ற வேண்டும். செலவு கூடும்தான், ஆனாலும் அதைத் தவிர்க்க வேண்டாம்.

கேள்வி: ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி, ஒருமுறைகூட மாற்றவில்லை. இப்போது மாற்றினால் கியர் பாக்ஸ் போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள்.

பதில்: ஏற்கெனவே கியர் வழுக்குகிறது என்றால் புதிய ஆயில் அதைக் குணப்படுத்தாது, தேய்ந்த கிளட்ச் தட்டு மீண்டும் வளராது. அந்த நிலையில் ஆயில் மாற்றியபின் பழுது முற்றினால் பழி ஆயில் மேல் விழுகிறது. இந்தப் பயத்தின் வேர் பெரும்பாலும் அதுதான். நன்றாக ஓடும் வண்டி என்றால் தயங்காமல் மாற்றுங்கள், ஆனால் இயந்திரம் வைத்து அழுத்தத்தோடு தள்ளும் ஃப்ளஷ் வேண்டாம். வடித்து ஊற்றும் முறையே போதும்.

வடித்தால் எல்லா ஆயிலும் வராது. டார்க் கன்வெர்ட்டரிலும் கூலரிலும் பாதிக்கு மேல் தங்கிவிடும். 8 லிட்டர் பெட்டியில் ஒருமுறைக்கு 3 லிட்டர் வடிந்தால், மூன்று முறை செய்தபின் ஏறத்தாழ முக்கால் பங்கு புதிய ஆயிலாக இருக்கும். இடையிடையே சில நூறு கிலோமீட்டர் ஓட்டிக்கொள்ளலாம். வேலையைத் தொடங்கும்போது முதலில் மேலே உள்ள ஃபில்லர் பிளக்கை (ஆயில் ஊற்றும் துளையின் மூடி) தளர்த்திப் பாருங்கள். அது துருவேறி அசையாமல் இருப்பது கீழே எல்லாவற்றையும் வடித்தபின் தெரியவந்தால், வண்டி இருந்த இடத்திலேயே நின்றுவிடும். வடிந்ததை அளவுக் குடுவையில் அளந்து, கசிவு இல்லாத வண்டிக்கு அதே அளவு புதியதை ஊற்றிவிட்டு, மேலே சொன்ன முறையில் மட்டத்தைச் சரிபாருங்கள். டொயோட்டாவில் அடியில் உள்ள பிளக்கை மட்டும் கழற்றினால் வழிவது மிகை ஆயில்தான். முழுதாக வடிக்க அந்தப் பிளாஸ்டிக் குழாயையும் ஆலன் கீயால் கழற்ற வேண்டும். திரும்பப் பொருத்தும்போது மெல்ல இறுக்குங்கள், உடைந்துவிடும்.

பேனில் உள்ள காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு படிந்திருந்தால் அது இயல்பான தேய்மானம். நகக்கண்ணில் தட்டுப்படும் உலோகத் துண்டுகள் இருந்தால் ஆயில் வாங்கும் பணத்தை நிறுத்திவைத்து, கியர் பாக்ஸ் அறிந்தவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஏ.எம்.டி., சி.வி.டி., டி.எஸ்.ஜி. ஆகியவற்றுக்கும் இதே முறைதானா?

பதில்: இல்லை. மாருதி செலெரியோவில் 2014-இல் வந்த ஏ.ஜி.எஸ். போன்ற ஏ.எம்.டி. என்பது மேனுவல் கியர் பாக்ஸ்தான். கிளட்சையும் கியரையும் ஒரு ஹைட்ராலிக் கருவி இயக்குகிறது. அதற்கு ஏ.டி.எஃப். ஊற்றக் கூடாது, மேனுவல் கியர் ஆயில், அந்தக் கருவிக்குத் தனி ஆயில். ஃபோக்ஸ்வாகனின் இரட்டைக் கிளட்ச் பெட்டியான டி.எஸ்.ஜி.யில், கிளட்ச் ஆயிலில் நனைந்து இயங்கும் ஆறு வேக வகைக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். தனித்தனி கியர்கள் இல்லாத சி.வி.டி.யில் இரும்புப் பட்டையும் புல்லியும் வழுக்காமல் பற்ற வேண்டியிருப்பதால் அதற்கென்றே தயாரித்த ஆயில் தவிர வேறெதுவும் கூடாது. எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று எழுதிய டப்பாவை நான் வாங்க மாட்டேன்.

கேள்வி: பழைய மெர்சிடிஸ். டிப்ஸ்டிக் குழாய் இருக்கிறது, மூடியைத் திறந்தால் உள்ளே குச்சி இல்லை. தொலைந்துவிட்டதா?

பதில்: தொலையவில்லை. 1996 முதல் வந்த 722.6 என்ற ஐந்து வேகப் பெட்டியில் குழாய் மட்டுமே உண்டு. மூடியில் ஒரு பிளாஸ்டிக் பூட்டு ஊசி இருக்கும். குச்சி ஒர்க்‌ஷாப்பின் கருவி. அதில் 25 டிகிரிக்கும் 80 டிகிரிக்கும் தனித்தனிக் குறிகள் இருக்கும். 80 டிகிரிக் குறியை நம்புங்கள். தனியாகவும் விற்கிறார்கள், ஆனால் அளந்தபின் அதை உள்ளே விட்டுவிட்டு ஓட்டக் கூடாது.

இந்தப் பெட்டியில் அளவு குறைந்திருந்தால், முதலில் பக்கவாட்டில் உள்ள 13 முனை மின் இணைப்பின் பிளாஸ்டிக் உறையைப் பாருங்கள். அதன் ரப்பர் வளையம் தளர்ந்துவிட்டால் ஆயில் தரையில் சொட்டுவது மட்டுமல்ல, வயர்களின் உள்ளே இழைகளின் ஊடாக மெல்ல ஏறி, கியர் பாக்ஸைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் வரை போய்விடும். அந்த உறையின் விலை மிகக் குறைவு, கம்ப்யூட்டரின் விலை அப்படியல்ல. உறையை மாற்றும்போது கம்ப்யூட்டர் இணைப்பையும் கழற்றி, ஆயில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கேள்வி: வீட்டு வாசலில் ஜாக்கி போட்டு நானே செய்யலாமா?

பதில்: ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே போக வேண்டாம். இந்த வேலையில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடியில் படுக்க வேண்டியிருக்கிறது, சைலன்சர் குழாய் முகத்துக்கு அருகில் கொதித்துக்கொண்டிருக்கும். நான்கு உறுதியான ஸ்டாண்டுகளில் சமமாக நிறுத்த முடியும், காற்றோட்டமான இடம், இருக்கையில் பிரேக்கை மிதித்தபடி உட்கார நம்பகமான ஒருவர் என எல்லாம் இருந்தால் செய்யலாம். இல்லையென்றால் பிட் அல்லது லிஃப்ட் உள்ள இடத்துக்குப் போய், ஸ்கேனரில் வெப்பநிலையைக் காட்டச் சொல்லி, பிளக் மூடப்படும் வரை அருகில் நின்று பாருங்கள்.